ஹனகாபீஆய் கடற்கரை

ஹனகாபீஆய் கடற்கரை என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தைச் சேர்ந்த கவாய் தீவின் வடமேற்குக் கரையில், உயர்ந்த மலைச்சுவர்களுக்கு இடையே அமைந்துள்ள ஒரு சிறிய கடற்கரை ஆகும். இக்கடற்கரைக்குச் சாலை கிடையாது. அலைகள் நேரே வந்து மோதுவதால் படகில் வந்து இறங்கவும் இது ஏற்ற இடமன்று. தீவின் வடபகுதிச் சாலை முடிவடையும் கேயே கடற்கரையில் இருந்து 3.2 கிலோமீட்டர் (2 மைல்) மலைப்பாதையில் நடந்தே இங்கு வரவேண்டும். இதே பாதை மேலும் தொடர்ந்து, மொத்தம் 18 கிலோமீட்டர் (11 மைல்) தொலைவில் உள்ள கலலாவ் கடற்கரையில் முடிவடைகின்றது.

தூரம் குறைவாக இருப்பதனாலும் காட்சிகள் அழகாக இருப்பதனாலும் பயிற்சி பெற்ற மலையேறிகள் மட்டுமன்றிச் சாதாரணச் சுற்றுலாப் பயணிகளும் இங்கு பெருமளவில் வருகின்றனர். எனினும் ஹவாயில் மிகுதியான உயிரிழப்புகள் நேர்ந்த கடற்கரைகளுள் இதுவும் ஒன்றாகும். அவ்விழப்புகளுக்குக் காரணம் பெரும்பாலும் பாதையன்று. பாதையின் முடிவில் உள்ள ஓடையும் கடலுமே ஆகும்.

பெயர்

ஹனகாபீஆய் என்பதற்கு ஹவாய் மொழியில் "உணவைத் தூவும் விரிகுடா" என்பது நேர்ப்பொருள். கடற்கரை அமைந்துள்ள மலைத்தொடர்க் கரை முழுவதும் நா பலி எனப்படுகின்றது. "பலி" என்ற ஹவாய்மொழிச் சொல் செங்குத்தான மலைமுகப்பைக் குறிக்கும். "நா" என்பது பன்மையைக் காட்டும் முன்னொட்டு. தமிழில் உள்ள பலி என்ற சொல்லுக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. கவாய், ஹவாய் என்னும் பெயர்களும் அடிக்கடி குழப்பிக் கொள்ளப்படுகின்றன. ஹவாய் என்பது மாநிலத்தின் பெயர். அம்மாநிலத்தின் மிகப்பெரிய தீவுக்கும் அதுவே பெயர். கவாய் என்பது அதே தீவுக்கூட்டத்தின் வடமேற்கில் உள்ள வேறொரு தீவு.

புவியியல்

கவாய் தீவு சுமார் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைக் குழம்பினால் உருவானது. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவுகளுள் இதுவே மிகப் பழையது. எனவே மழையும் ஓடைகளும் கடலும் இதனை நீண்டகாலமாக அரித்து வந்துள்ளன. நா பலி கரையில் சில இடங்களில் மலைச்சுவர் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் வரை எழுந்து நிற்கின்றது. ஓடைகள் வெட்டிய ஆழமான பள்ளத்தாக்குகள் இச்சுவரில் இடையிடையே கடலை நோக்கித் திறக்கின்றன. அவ்வாறு திறக்கும் பள்ளத்தாக்குகளில் கேயேயில் இருந்து செல்வோர் முதலில் அடையும் பெரிய பள்ளத்தாக்கு ஹனகாபீஆய் ஆகும். அதன் வாயில் ஓடை கடலுடன் கலக்கும் இடத்திலேயே இக்கடற்கரை உள்ளது.

இவ்விடம் வடக்கு 22 பாகை அகலாங்கில், கடகக் கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால் வெப்பமண்டலத்துக்குள் அடங்கும். வடகிழக்கில் இருந்து வீசும் வணிகக் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து மலைகளில் மோதி மேலெழுவதால் தீவின் உட்பகுதியில் மழை மிக அதிகம். தீவின் நடுவில் உள்ள வையாலெயாலே மலை உலகின் மிக ஈரமான இடங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. அங்கு ஆண்டுச் சராசரி மழையளவு 9,000 மில்லிமீட்டருக்கும் மேல். கடற்கரையில் வெயில் அடிக்கும் வேளையிலேயே உள்மலையில் கனமழை பெய்துகொண்டிருப்பது இங்கு இயல்பான ஒன்று.

மணல் வந்து போதல்

இக்கடற்கரையைக் கோடையில் பார்த்தவர் குளிர்காலத்தில் பார்த்தால் அதே இடம் என்று நம்புவது கடினம். கோடையில் அகன்ற மணற்பரப்பும், மேற்கு முனையில் நடந்து செல்லத்தக்க கடற்குகையும் காணப்படும். குளிர்காலத்தில் மணல் ஏறக்குறைய முழுவதும் மறைந்து, உருண்டைக் கருங்கற்கள் மட்டுமே எஞ்சியிருக்கும். மணல் அழிந்துவிடுவதில்லை, இடம் மாறுகின்றது.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் வட பசிபிக் பெருங்கடலில் எழும் புயல்கள் பேரலைகளை உருவாக்குகின்றன. அவ்வலைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து, ஹவாய்த் தீவுகளின் வடக்கு நோக்கிய கரைகளை வந்தடைகின்றன. இவ்வாறான பேரலை கரையேறித் திரும்பும்போது, தான் கொண்டு வந்த மணலைவிட அதிக மணலை வாரிக்கொண்டு செல்கின்றது. அம்மணல் கரைக்கு அப்பால் நீரடித் திட்டாகப் படிகின்றது. கோடையில் வடக்கில் இருந்து பேரலைகள் வருவதில்லை. தாழ்ந்த, மெதுவான அலைகள் சில மாதங்களில் அதே மணலைச் சிறிது சிறிதாகக் கரைக்குத் திருப்பி அனுப்புகின்றன. உலகின் பல கடற்கரைகளில் இந்நிகழ்வு நடைபெற்றாலும், ஹனகாபீஆயில் அது ஒரு கடற்கரையே தோன்றி மறையும் அளவுக்குப் பெரிதாக உள்ளது.

பவளப்பாறைத் தடுப்பு இல்லாமையே இதற்கு முக்கியக் காரணம். நடைபாதை தொடங்கும் கேயே கடற்கரைக்கு முன்னால் பவளப்பாறைத் திட்டு ஒன்று அரணாக நின்று அலையின் வேகத்தைக் குறைக்கின்றது. அதனால் அங்கு கோடைக்காலத்தில் குளம் போன்ற அமைதியான நீர்ப்பரப்பு உண்டாகின்றது. 3 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஹனகாபீஆயில் அந்த அரண் இல்லை. காலையில் கேயேயில் நீந்தியவர் இரண்டு மணிநேரம் கழித்து இங்கு வந்து சேரும்போது, நீரின் நிறமும் வெப்பமும் ஒன்றுபோலவே இருப்பதால் ஏமாந்துவிட வாய்ப்புள்ளது.

நடைபாதை

நா பலி பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த ஹவாய் மக்கள் பழங்காலம் முதலே இக்கரையோரமாக நடைபாதையொன்றைப் பயன்படுத்தி வந்தனர். தற்போதுள்ள பாதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைக்கப்பட்டு, 1930களில் சில பகுதிகள் திருத்தி அமைக்கப்பட்டன.

ஹனகாபீஆய் வரையிலான பகுதியில் முதல் ஒரு மைல் ஏற்றமாகவும் அடுத்த மைல் இறக்கமாகவும் உள்ளது. தொடக்கத்தில் கற்கள் பாவப்பட்ட படிகள் போன்ற வழி காணப்படும். பின்னர் மர வேர்களும் செம்மண் சேறும் மிகுதி. மழை பெய்த பின் இச்சேறு எண்ணெய் பூசியது போல் வழுக்கும். போய்வர மூன்று முதல் நான்கு மணிநேரம் ஆகும். கடற்கரையில் இருந்து பள்ளத்தாக்கின் உள்ளே மேலும் 3.2 கிலோமீட்டர் சென்றால் 90 மீட்டர் உயரத்தில் இருந்து விழும் ஹனகாபீஆய் அருவியை அடையலாம். இவ்வுட்பாதை ஓடையைப் பலமுறை கடந்து செல்வதால், முதற்பகுதியைவிடக் கடினமானது.

பாதையோர மரங்களுள் பல தமிழர்களுக்கு அறிமுகமானவை. ஹவாய் மக்கள் "ஹலா" என அழைக்கும் மரம் தாழை இனத்தைச் சேர்ந்தது. அதன் ஓலையைக் கொண்டு அவர்கள் பாய்களும் தோணிகளுக்கான பாய்மரத் துணியும் முடைந்தனர். கொய்யாவும் மாமரமும் பின்னர் மனிதரால் கொண்டுவரப்பட்டவை. இந்தியத் துணைக்கண்டத்துக்கு உரிய நாவல் மரமும் நா பலி பள்ளத்தாக்குகளில் பரவியுள்ளது. நம் ஊர்களில் நிழலுக்கும் பழத்துக்கும் போற்றப்படும் இம்மரம், ஹவாயில் உள்ளூர்த் தாவரங்களை நெருக்கி வளரும் வேற்றிடக் களைமரமாகக் கருதப்படுகின்றது.

ஓடையின் வெள்ளம்

கேயேயில் இருந்து வருபவர்கள் கடற்கரையில் கால் வைக்கும் முன்னர் ஹனகாபீஆய் ஓடையைக் கடக்க வேண்டும். வழக்கமான நாட்களில் கற்களின் மீது தாவியோ, முழங்கால் அளவு நீரில் இறங்கியோ எளிதில் கடந்துவிடலாம். ஆனால் பள்ளத்தாக்கின் சரிவுகள் மிகச் செங்குத்தானவை. நீர்ப்பிடிப்புப் பரப்போ சிறியது. எனவே உள்மலையில் பெய்யும் மழை மண்ணில் ஊறித் தங்காமல் விரைந்து ஓடைக்கு வந்துவிடுகின்றது. நீர்மட்டம் சில நிமிடங்களிலேயே ஆளை இழுத்துச் செல்லும் அளவுக்கு உயர்வதுண்டு. ஓடை முடியும் இடம் கடல் என்பதால், கால் தவறியவர் நேராக அலைகளுக்குள் கொண்டு செல்லப்படுவார்.

நீர் திடீரெனக் கலங்கிப் பழுப்பு நிறமாதல், இலைகளும் கிளைகளும் மிதந்து வருதல், நீரடியில் கற்கள் உருளும் ஓசை கேட்டல் ஆகியன வெள்ளம் வருவதன் அறிகுறிகள். நீர்ப்பிடிப்புப் பரப்பு சிறியதாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. மழை நின்றால் வெள்ளமும் பெரும்பாலும் சில மணிநேரங்களில் வடிந்துவிடும். மறுகரையில் அகப்பட்டவர் செய்ய வேண்டியது காத்திருத்தல் ஒன்றே. விமானத்தைத் தவறவிடுவோம், இருட்டிவிடும், உணவு இல்லை என்ற அவசரங்களே மக்களை ஓடையில் இறங்கத் தூண்டுகின்றன. கைபேசிச் சமிக்ஞை கிடைக்காததால் வெளியே தகவல் சொல்லவும் இயலாது.

2014 ஏப்ரலில் ஓடை பெருகியதால் 120-க்கும் மேற்பட்டோர் மறுபுறத்தில் சிக்கிக்கொண்டனர். இரவு முழுவதும் அங்கேயே தங்கிய அவர்கள் பின்னர் உலங்கு வானூர்திகள் மூலம் மீட்கப்பட்டனர். கடும் மழையிலும் இருளிலும் வானூர்தி பறக்க இயலாது என்பதால், மீட்பு உடனே கிடைக்கும் என்று நம்புவதற்கு இல்லை.

ஓடை நீரைக் காய்ச்சாமலோ வடிகட்டித் தூய்மிக்காமலோ குடிக்கலாகாது. விலங்குகளின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் கிருமி ஹவாய் ஓடைகளில் காணப்படுகின்றது. தோலில் காயம் உள்ளவர் நீரில் இறங்கினாலே இந்நோய் தொற்றக்கூடும்.

கடலில் மூழ்கியோர்

கரையேறிய அலைநீர் ஏதேனும் ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். பல இடங்களில் அது ஒடுங்கிய, வேகமான நீரோட்டமாகக் கரையில் இருந்து கடல் நோக்கிப் பாய்கின்றது. மேற்பரப்பில் அலை உடையாத அமைதியான பட்டையாகத் தெரிவதால், நீந்தத் தெரிந்தவர்கூட அதனையே பாதுகாப்பான இடம் என எண்ணி இறங்கிவிடுகின்றனர். இவ்வகை நீரோட்டத்தில் சிக்கியவர் அதனை எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும் என்பது பொதுவாகக் கூறப்படும் அறிவுரை. ஹனகாபீஆயில் இந்த அறிவுரை ஓரளவுக்கே பயன்படும். விரிகுடாவின் எல்லையைத் தாண்டிவிட்டால் இருபுறமும் கரை என்பதே இல்லை. பாறைச்சுவர் நேராகக் கடலுக்குள் இறங்குகின்றது. பாதுகாப்பாகக் கரையேறத்தக்க அடுத்த இடம் சுமார் 10 கிலோமீட்டருக்கு (6 மைல்) அப்பால் உள்ளதாகக் குறிப்பிடப்படுகின்றது.

நீந்துவோர் மட்டுமன்றிக் கணுக்கால் அளவு நீரில் நிற்போரும், கரையோரப் பாறை மீது நின்று ஒளிப்படம் எடுப்போரும் எதிர்பாராத பேரலையால் இழுத்துச் செல்லப்படும் ஆபத்து உள்ளது. இக்கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் எவரும் இல்லை.

கடற்கரைக்கு இறங்கும் வழியில் கையால் செதுக்கப்பட்ட மரப்பலகை ஒன்று பல ஆண்டுகளாகப் புகழ்பெற்று விளங்கியது. நீரின் அருகே செல்லவேண்டாம் என்று எச்சரித்த அப்பலகையில், இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு வீதம் 80-க்கும் மேற்பட்ட கோடுகள் கீறப்பட்டிருந்தன. பயண நூல்கள் பலவும் இவ்வெண்ணிக்கையை அப்படியே எடுத்தாண்டுள்ளன. ஆயினும் 1970 முதல் 2010 வரை இங்கு மூழ்கி இறந்தவர்களாக அறியப்படுவோர் சுமார் 30 பேர் ஆவர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. பலகையின் கணக்கு மிகையானதாக இருக்கலாம். அது ஒரு பதிவேடு அன்று. ஆனால் சாலையே இல்லாத ஒரு சிறு கடற்கரைக்கு 30 என்பதும் சிறிய எண் அன்று.

மக்களும் வரலாறும்

இன்று மனித வாழிடமே இல்லாத காடாகத் தோன்றும் இப்பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் வேளாண் நிலமாக இருந்தது. ஹவாய் மக்கள் ஓடை நீரை வாய்க்கால்களில் திருப்பி, கல்லடுக்கிய படிவரப்புகளில் சேம்பு பயிரிட்டனர். மலையுச்சி முதல் கடல் வரை நீளும் நிலக்கூறு ஒன்றை ஒரு சமூகம் சேர்ந்து ஆளும் முறை அவர்களிடம் இருந்தது. மேலே மரம், நடுவே சேம்பு, கீழே மீன் என வாழ்வுக்குத் தேவையான அனைத்தும் ஒரே பள்ளத்தாக்கில் கிடைத்தன. கரைப்பாதையும் தோணிகளும் பள்ளத்தாக்குகளை ஒன்றோடொன்று இணைத்தன. பழைய கல்வரப்புகள் மரங்களுக்கிடையே இன்றும் காணப்படுகின்றன.

1778-இல் ஜேம்ஸ் குக் கவாய் தீவின் வைமேயா என்ற இடத்தில் கரையிறங்கியதைத் தொடர்ந்து ஐரோப்பியர் வருகை மிகுந்தது. அவர்கள் வழியாக வந்த நோய்களால் ஹவாய் மக்கள்தொகை பெருமளவில் சரிந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஹனகாபீஆய் பள்ளத்தாக்கில் காப்பி பயிரிடப்பட்டது. காப்பி ஆலையின் கல் புகைபோக்கி அருவிக்குச் செல்லும் வழியில் எஞ்சியுள்ளது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நா பலி பள்ளத்தாக்குகளின் நிலையான குடியிருப்புகள் முடிவுக்கு வந்தன.

இக்கரையின் ஒதுக்கம் ஒருமுறை அரசியல் முக்கியத்துவமும் பெற்றது. தொழுநோயாளிகளைக் குடும்பத்தில் இருந்து பிரித்து மொலொகாய் தீவின் கலாவ்பாப்பாவுக்கு நாடு கடத்தும் சட்டம் 1865 முதல் ஹவாயில் நடைமுறையில் இருந்தது. கோவொலாவ் என்ற மாட்டு மேய்ப்பர் தம் மனைவி பிஇலானியைப் பிரிய மறுத்து, குடும்பத்துடன் கலலாவ் பள்ளத்தாக்கில் தங்கினார். 1893-இல் தம்மைப் பிடிக்க வந்த அதிகாரியை அவர் சுட்டுக் கொன்றார். அதன் பின் அனுப்பப்பட்ட படையினராலும் அவரைப் பிடிக்க இயலவில்லை. கணவரும் மகனும் அங்கேயே நோயால் இறந்த பின்னர், பிஇலானி தனியாகத் திரும்பி வந்தார். அவர் கூறிய வரலாறு 1906-இல் ஹவாய் மொழியில் நூலாக வெளியானது. ஜாக் லண்டன் இந்நிகழ்வை வைத்து ஒரு சிறுகதை எழுதியுள்ளார். அக்கதையே வெளியுலகில் மிகுதியாக அறியப்பட்டாலும், நேரில் வாழ்ந்தவரின் கூற்று பிஇலானியுடையதே ஆகும்.

2018 வெள்ளமும் வருகைக் கட்டுப்பாடும்

2018 ஏப்ரல் 14-15 நாட்களில் கவாயின் வடகரையில் இடிமழை முகில்கள் ஒரே பகுதியில் மீண்டும் மீண்டும் உருவாகிக் கொட்டின. வைப்பா என்ற இடத்தில் 24 மணிநேரத்தில் 1,262 மில்லிமீட்டர் (49.69 அங்குலம்) மழை பதிவானது. ஐக்கிய அமெரிக்காவில் ஒருநாள் மழையளவுக்கான சாதனையாக இது ஏற்கப்பட்டுள்ளது. இதற்கு முன்னர் 1979-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆல்வின் என்ற ஊரில் பதிவான 1,092 மில்லிமீட்டரே சாதனையாக இருந்தது. நிலச்சரிவுகளால் நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டது. கேயே கடற்கரையை உள்ளடக்கிய ஹாயெனா மாநிலப் பூங்காவும் நா பலி நடைபாதையும் ஓராண்டுக்கும் மேலாக மூடப்பட்டிருந்தன.

வெள்ளத்துக்கு முன்னர் நாளொன்றுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் ஹாயெனாவுக்கு வந்துகொண்டிருந்தனர். தானுந்துகள் குறுகிய சாலையின் இருபுறமும் நெடுந்தூரம் நிறுத்தப்பட்டன. உள்ளூர் மக்கள் தங்கள் சொந்தக் கடற்கரைக்கே செல்ல முடியாத நிலை இருந்தது. இக்கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று அப்பகுதிக் குடும்பங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தன. சாலை மூடப்பட்டிருந்த காலத்தில் அத்திட்டம் செயலுக்கு வந்தது எனலாம். 2019 ஜூனில் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டபோது, நாளொன்றுக்கு 900 பார்வையாளர் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் முன்பதிவு செய்து கட்டணம் செலுத்த வேண்டும். ஹவாய் மாநிலத்தவர் அடையாள அட்டையைக் காட்டி முன்பதிவின்றி நுழையலாம். வாகன நிறுத்த இடம் குறைக்கப்பட்டு, தொலைவில் இருந்து பேருந்துகள் இயக்கப்படுகின்றன.

ஹனகாபீஆய் கடற்கரைக்கும் அருவிக்கும் செல்ல ஹாயெனாவுக்கான ஒருநாள் நுழைவே போதுமானது. ஓடைக்கு அப்பால் கலலாவ் நோக்கிச் செல்பவர்கள், அன்றே திரும்புவதாக இருந்தாலும், முகாமிடுவதற்கான தனி அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

ஓடையின் மீது நடைபாலம் ஒன்றை அமைக்கும் முன்மொழிவும் 2020களின் தொடக்கத்தில் மாநில அரசால் முன்வைக்கப்பட்டது. மீட்புப் பணிகளின் செலவும் மீட்பவர்களின் உயிராபத்தும் குறையும் என்பது அதற்கான காரணம். பாலம் வந்தால் வனப்பகுதியின் இயல்பு கெடும், ஓடையைக் கண்டு திரும்பிச் செல்பவர்களும் துணிந்து அப்பால் செல்வர் என்பது எதிர்ப்போர் தரப்பு வாதம். ஓடையில் அடித்துச் செல்லப்படும் ஆபத்தைப் பாலம் குறைக்கும். ஆனால் பாலத்தின் மறுமுனையில் இருப்பது நீந்தத் தகாத அதே கடல்தான்.